சாயங்காலம் ஆனால் டிவிக்கு மட்டும் நெட் வருவதில்லை, போனுக்கு வருகிறது

மன்னை மைந்தன்
வணக்கம். ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறேன். வீட்டில் 43 அங்குல ஆண்ட்ராய்ட் டிவி, வாங்கி 3 வருடம் ஆகிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நெட் ஃபைபர், 100 எம்பிபிஎஸ் திட்டம். ரூட்டர் மாடி அறையில் இருக்கிறது, நான் வேலை பார்ப்பது அங்கேதான். டிவி கீழே கூடத்தில். நடுவில் கான்கிரீட் தளம்.

காலை 5:30 மணிக்கு அம்மா யூடியூபில் சுப்ரபாதம் போடுவார், ஒரு தடங்கலும் இருக்காது. மத்தியானமும் சரியாக ஓடும். சாயங்காலம் 6:30, 7 மணி ஆனால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். அம்மா பார்க்கும் சீரியல் ஆப் திறக்காது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ‘வைஃபை இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்று இருக்கும். அதே கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து போனில் பார்த்தால் வீடியோ பறக்கிறது. இரவு 9 மணிக்கு மேல் யாரும் எதுவும் செய்யாமலேயே டிவியில் நெட் வந்துவிடுகிறது.

இதுவரை செய்தது: ரூட்டரை அணைத்துப் போட்டேன், டிவியை அணைத்துப் போட்டேன், வைஃபை பெயரை நீக்கிவிட்டுப் பாஸ்வேர்டு மறுபடி கொடுத்தேன். ஃபேக்டரி ரீசெட் செய்யவில்லை. அத்தனை ஆப்பிலும் திரும்ப லாகின் செய்ய என்னால் ஆகாது.

வடக்குவீதி
டிவியை எப்படி அணைத்தீர்கள்? ரிமோட்டில்தானே? அது அணைப்பே இல்லை. டிவி அரைத்தூக்கத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். நேற்று குழம்பிய வைஃபை சிப் இன்றும் அதே குழப்பத்தோடுதான் எழுந்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம் பக்கம் போய் ரீஸ்டார்ட் கொடுங்கள். இல்லாவிட்டால் பிளக்கையே பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

கரண்ட் போய் வரும் ஊர் என்றால் இன்னொன்று. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். டிவி அதற்கு முன்பே விழித்துக்கொண்டு, நெட் இல்லை என்று முடிவு கட்டிவிடும். ஃபைபர் பெட்டியில் பிஓஎன் என்ற விளக்கு நிலையாக எரிந்த பிறகு டிவியைப் போட்டுப் பாருங்கள். எல்ஓஎஸ் என்பது சிவப்பில் மின்னினால் வீட்டுக்குள் தேடவே வேண்டாம், வெளியே இழையில் கோளாறு, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். உங்களுக்குப் போனில் வருகிறது என்பதால் அது இல்லை.

குறட்டை வாத்தியார்
தம்பி, டிவியில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள்.

லால்குடியில் என் மாமியார் வீட்டு டிவியில் இதே கூத்து. வைஃபை முழுப் புள்ளி, ஆனால் ஒரு ஆப் திறக்காது. இரண்டு பேர் வந்து பார்த்து, போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தால் டிவி இன்னும் 2015ஆம் வருடத்திலேயே இருக்கிறது. பல டிவிகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போய்விடும், திரும்ப வந்ததும் நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே யாரோ தானியங்கி நேரத்தை அணைத்து வைத்திருந்தார்கள்.

நேரத்துக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். டிவி 2015இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உள்ளே விடாது. தேதியைச் சரிசெய்தேன், பத்து விநாடியில் வந்தது. மாமியார் வீட்டில் எனக்கு மரியாதை கூடியது அன்று ஒருநாள்தான்.

மன்னை மைந்தன்
வாத்தியார் ஐயா, தேதி சரியாக இருக்கிறது, தானியங்கி நேரமும் போட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டுப் போட்டேன். மத்தியானம் முழுக்க அருமையாக ஓடியது. 6:50 மணிக்குப் பழைய குருடி கதவைத் திறடி.

ஐபி முகவரியும் பார்த்தேன். 192.168.1 என்று தொடங்குகிறது, சரிதானே?

வடக்குவீதி
சரிதான். 169.254 என்று தொடங்கினால்தான் ரூட்டரிடமிருந்து முகவரியே வாங்கவில்லை என்று அர்த்தம். வேண்டுமானால் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் சேவை) 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றிப் பாருங்கள். சில நேரம் வழி தெரியாமல் நிற்பதுதான் பிரச்சினையாக இருக்கும்.

மன்னை மைந்தன்
அதையும் மாற்றினேன். இன்றைக்கு 169.254 என்றும் ஒருமுறை காட்டியது, கொஞ்ச நேரத்தில் பழையபடி 192.168 வந்தது. நெட் மட்டும் வரவில்லை.

கோபுரக்கலசம்
இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. சாயங்காலம் என்றால் நெரிசல். தெருவில் எல்லாரும் வீடு திரும்பி வைஃபையைப் போடுகிறார்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல் (அலைப் பாதை) மொத்தமே மூன்று: 1, 6, 11. ரூட்டரை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். பக்கத்து வீடுகளும் ஆட்டோ. எல்லாரும் ஒரே சந்தில் வண்டியை விட்டால் எப்படிப் போகும்? போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்து, காலியான சேனலில் நிலையாக வையுங்கள்.

அதைவிட நல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போவது. வேகமும் அதிகம், கூட்டமும் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டாது, கான்கிரீட் தளத்தைக் கேட்கவே வேண்டாம். எட்டவில்லை என்றால் மெஷ் வாங்குங்கள், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள். எத்தனை நாள் இப்படிக் கஷ்டப்படுவீர்கள்?

மன்னை மைந்தன்
அனலைசரில் பார்த்தால் சுற்றிலும் 9 வைஃபை தெரிகிறது. 1இல் வைத்தேன், 11இல் வைத்தேன். இரண்டிலும் சாயங்காலம் அதே கதை. 5 கிகாஹெர்ட்ஸ் டிவியில் ஒரே ஒரு புள்ளி காட்டுகிறது, இணைந்த வேகத்தில் விட்டுவிடுகிறது.

பழைய டிவி
எனக்கும் இதே பிரச்சினை. 2012இல் வாங்கிய டிவி. யூடியூப் திறக்கவே இல்லை. என்ன செய்வது?

குறட்டை வாத்தியார்
உங்களுடையது இதே பிரச்சினை இல்லை ஐயா. 2015 ஏப்ரலில் ஆப்கள் தன்னோடு பேசுகிற பழைய இடைமுகத்தை (ஏபிஐ) யூடியூப் மூடிவிட்டது, 2012க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் ஆப் அதோடு நின்றது. நெட்ஃபிளிக்ஸும் 2019 டிசம்பரில் சில பழைய டிவிகளைக் கைவிட்டது. 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, நிறைய தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழின் ஆயுள் முடிந்தது, அதில் இன்னும் கொஞ்சம் பழைய கருவிகள் அடிபட்டன. நீங்கள் ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது தீராது. படம் நன்றாகத் தெரிகிறதென்றால் டிவியை மாற்ற வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகுங்கள்.

நடத்துநர்
பழைய டிவி, தயவுசெய்து தனித் தலைப்பு தொடங்குங்கள். இங்கே மன்னையாரின் சாயங்காலம் முதலில் தீரட்டும்.

யாழ்த்தென்றல்
ஸ்டிக் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அமெரிக்காவிலிருந்து தங்கச்சி கொண்டுவந்த ஸ்டிக் எங்கட வீட்டு வைஃபையைக் கண்டுபிடிக்கவே இல்லை. பக்கத்து வீட்டாருடைய பெயர் எல்லாம் தெரியுது, எங்கடது மட்டும் இல்லை. கடைசியில் பார்த்தால் ரூட்டர் தன்பாட்டில் 13ஆம் சேனலுக்குப் போயிருக்கு. அமெரிக்காவுக்கென்று செய்த சாமான்கள் 11க்கு மேலே பார்க்காது. 6இல் வைத்ததும் சரி. வைஃபை பெயரே தெரியாதவர்கள் இதைப் பாருங்கோ. அதோடு, ரூட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பழைய டிவி இணையாது, 2உம் 3உம் கலந்த வகையை வைக்கவேணும்.

மன்னை, உங்களுக்கு ஒரு சோதனை. சாயங்காலம் நெட் நிற்கிற அதே நேரத்தில் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் வைத்து இணைத்துப் பாருங்கோ. ஓடினால் டிவியில் பிழை இல்லை.

லேன் லோகு
ஹாட்ஸ்பாட்டோடு நிறுத்தாதீங்க அண்ணே. லேன் கேபிள் இருந்தால் மாடியிலிருந்து ஒருநாள் தரையோடு தரையாக இழுத்துப் போட்டுச் செருகிப் பாருங்க. கம்பியில் ஓடினால் ரூட்டரும் நல்லா இருக்கு, நெட்டும் நல்லா இருக்கு, குற்றம் வைஃபையில் என்று தீர்ந்தது. நான் தினம் பத்து வீடு ஏறி இறங்குகிறேன், இதைச் செய்யாமல் பேசுகிற பேச்செல்லாம் ஜோசியம்தான்.

கேபிள் நீங்களே கிரிம்ப் செய்வதாக (முனையில் செருகி அழுத்திப் பொருத்துவதாக) இருந்தால் இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்கணும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. டிவியில் உள்ள லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதுக்கு எட்டு கம்பியில் 1, 2, 3, 6 நாலு போதும். இந்த நாலில் ஒன்று விட்டாலும் விளக்கு எரியாது. 100தானா என்று சலிச்சுக்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்.

மன்னை மைந்தன்
இரண்டும் செய்துவிட்டேன்.

7:10 மணி, டிவியில் நெட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டை டிவி மேசையில் வைத்தேன், உடனே ஓடியது. பிறகு 20 மீட்டர் கேபிளை மாடிப்படி வழியாக இழுத்தேன் (அம்மா அதில் தடுக்கி விழப் பார்த்தார், அது தனிக்கதை). கேபிளில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கேபிளைக் கழற்றினால் பழையபடி.

ஆக டிவி நல்லது, நெட் நல்லது, மாடியிலிருந்து வரும் வைஃபைதான் பலவீனம். கோபுரக்கலசம் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய் மெஷ் வாங்கப் போகிறேன், ஏழாயிரத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

ஒரு வேடிக்கை: நேற்று மட்டும் சாயங்காலம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நேற்று ஏகாதசி.

குறட்டை வாத்தியார்
டிவி விரதம் இருந்திருக்கும். வயிறு காலியாக இருந்தால் சுறுசுறுப்பு வரும்தானே.

காரைக்குடி ஆச்சி
மெஷ் வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் தம்பி.

டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். நேரம் பார்த்து வருகிற கோளாறு என்றால் கருவியை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு சந்தாதாரருக்கு ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் லைனில் கொரகொரவென்று சத்தம் வரும். கம்பத்திலிருந்து பெட்டி வரை எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் பார்த்தால் பக்கத்து அறையில் தையல் மிஷின் மோட்டார்.

தளம் காலையிலும் அதே கான்கிரீட்தான். சுப்ரபாதம் எப்படி ஓடுகிறது? தெரு நெரிசல் என்றால் ஏகாதசி அன்று தெருவே ஊரைவிட்டுப் போய்விட்டதா? இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, ஏகாதசி அன்று சாயங்காலம் வீட்டில் யார் இல்லை?
இரண்டு, டிவிக்குப் பின்னால் என்னென்ன செருகியிருக்கிறது? ஒன்று விடாமல்.

மன்னை மைந்தன்
ஆச்சி, ஏகாதசி அன்று அப்பா பெரிய கோயிலுக்குப் போய்விட்டார். ராஜகோபாலனைச் சேவித்துவிட்டு வர எட்டரை ஆனது.

டிவிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ, சவுண்ட்பார், பிறகு அப்பாவின் ஹார்ட் டிஸ்க். பழைய பாட்டு, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. தினமும் ஆறு மணிக்குச் செருகி ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பார். அப்புறம் அம்மா சீரியலுக்கு மாற்றிவிடுவார். படுக்கப் போகும்போது அப்பா அதைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவார்.

எழுதும்போதே எனக்கு வியர்க்கிறது.

காரைக்குடி ஆச்சி
வியர்க்கட்டும். ஹார்ட் டிஸ்க் செருகும் துளைக்குள் நாக்கு நீலமாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா?

மன்னை மைந்தன்
நீலம்.

காரைக்குடி ஆச்சி
நீலம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. அதில் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓடும் கம்பியும் செருகியும் ஒரு குட்டி ஆண்டெனா மாதிரி இரைச்சலைக் கக்கும், அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிற இடத்திலேயே வந்து விழும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு விளக்க அறிக்கை வெளியிட்டது. வடிகட்டவும் முடியாது, ஏனென்றால் இரைச்சலும் சிக்னலும் ஒரே அலைவரிசை. கம்பியின் மேலுறைக் கவசம் மட்டமாக இருந்தால் இன்னும் மோசம்.

டிவியின் வைஃபை ஆண்டெனாவும் பின்பக்கத்தில், உள்ளேதான் எங்காவது இருக்கும். காதுக்குப் பக்கத்தில் மிக்சி ஓடும்போது மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்குமா? அதுதான் உங்கள் வீட்டில் நடக்கிறது.

இன்று ஏழு மணிக்கு ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றச் சொல்லி, பிறகு கழற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். டிஎன்எஸ், சேனல் எதுவும் வேண்டாம்.

கோபுரக்கலசம்
ஆச்சி சொல்வதை மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் இரண்டு இடம் இடிக்கிறது. அதே கூடத்தில் போன் நன்றாக ஓடுகிறது. ஹாட்ஸ்பாட் போட்டபோது டிவியும் நன்றாக ஓடியது. ஹார்ட் டிஸ்க் அப்போதும் செருகித்தானே இருந்தது?

காரைக்குடி ஆச்சி
நல்ல கேள்வி. இந்த இரைச்சல் ஊரைக் கூட்டும் இரைச்சல் இல்லை, கொஞ்சம் தள்ளிப் போனாலே அடங்கிவிடும். சோபாவுக்கு எட்டாது. போனில் 5 கிகாஹெர்ட்ஸ் பிடித்திருந்தால் அங்கே இந்தத் தொந்தரவே கிடையாது. ஹாட்ஸ்பாட் டிவி மேசையிலேயே இருந்தது. மிக்சி ஓடினாலும் காதோடு வாய் வைத்துக் கத்தினால் கேட்கும் இல்லையா? அந்தச் சோதனை டிவி நல்லது என்று சொன்னது, அது உண்மை. மாடி வைஃபை கெட்டது என்று அது சொல்லவில்லை, நாம் சேர்த்துக்கொண்டோம்.

லேன் லோகு
ஒரு அடி எனக்கும் சேர்த்து விழுந்தது. ஒத்துக்கிறேன்.

மன்னை மைந்தன்
7:05 மணி. ஹார்ட் டிஸ்க் செருகிய நிலையில் டிவியில் வேகம் பார்த்தேன்: மூன்று தடவையில் இரண்டு தடவை சோதனையே முடியவில்லை, ஒரு தடவை 2 எம்பிபிஎஸ். கழற்றினேன். 41. மறுபடி செருகினேன். 3. கழற்றினேன், 39. அம்மா பின்னால் நின்றுகொண்டு, சீரியல் ஆரம்பித்துவிட்டது, விளையாட்டை நிறுத்து என்கிறார்.

ஆச்சி, காலைக் காட்டுங்கள்.

காரைக்குடி ஆச்சி
காலில் வாதம், காட்ட முடியாது. டிவியில் கறுப்புத் துளை இன்னொன்று இருக்கும், பாருங்கள். யூஎஸ்பி 2.0. அதில் செருகச் சொல்லுங்கள் அப்பாவை.

கோபுரக்கலசம்
தோற்றேன் ஐயா. ஏழாயிரம் ரூபாய் உங்கள் வீட்டிலிருந்து போகாமல் காப்பாற்றியது நானில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஆனால் 2.0இல் போட்டால் கல்யாண வீடியோ திக்காதா?

லேன் லோகு
2.0இன் வேகம் பேப்பரில் 480 எம்பிபிஎஸ் அண்ணே. பாதி கிடைத்தாலும் கல்யாண வீடியோ ஏழெட்டு சேர்த்து ஓட்டலாம். பாட்டுக்கு அது கடல். வேகம் வேணும் என்பது கோப்பு நகல் எடுக்கும்போதுதான், டிவியில் யார் நகல் எடுக்கிறார்கள்?

கறுப்புத் துளை கிடைக்காதவர்கள் நல்ல கவசம் உள்ள நீட்டிப்புக் கம்பி போட்டு டிஸ்க்கை டிவியை விட்டு ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்க. கொஞ்சம் குறையும், முழுசாக என்று சொல்ல மாட்டேன், செருகும் இடத்திலேயே இரைச்சல் வருதே. எச்டிஎம்ஐ ஸ்டிக்கை டிவி முதுகோடு ஒட்டிச் செருகி, சிக்னல் இல்லை என்று புலம்புகிறவர்களுக்கும் இதே மாதிரிதான். சில ஸ்டிக் பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது அலங்காரத்துக்கு வரவில்லை.

யாழ்த்தென்றல்
நான் இப்பவே எழும்பிப் போய் எங்கட டிவிக்குப் பின்னால் பார்த்தேன். நீலத் துளையில் ஒரு பென் டிரைவ், எப்ப செருகினது என்றே தெரியாது. அதில் ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக மனுசி இந்த வைஃபையைத் திட்டுறா.

மன்னை மைந்தன்
இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கறுப்புத் துளையில் டிஸ்க், பாட்டும் ஓடுகிறது, ஏழு மணிக்குச் சீரியலும் ஓடுகிறது. வேகம் 37, 40 என்று நிற்கிறது. டிஎன்எஸ்ஸைப் பழையபடி ஆட்டோவுக்கு மாற்றிவிட்டேன், சேனல் 11இலேயே இருக்கட்டும்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, “என் பாட்டால் உங்கள் சீரியல் நின்றதா?” என்று கேட்டார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இன்று காலை பார்க்கிறேன், நீலத் துளைமேல் நான் ஒட்டிவைத்த டேப்பைக் காணோம்.